பதினோரு நாள் ‘ம்ம்’: மன்னார்குடி பக்கத்து வீடு ஒண்ணோட நிகழ்வு ஆய்வு

2024 தீபாவளி முடிஞ்ச வாரம் ஒரு அம்மா தன் பையனக் கூட்டிக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ஊர், பாமணியாத்துப் பாசனம். நான் குடும்ப ஆலோசகர், இந்தப் பக்கம் பல வருசமா வேலை பாக்குறேன். வந்து உக்காந்ததும் அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை, “சார், இவன் போனை விட மாட்டேங்குறான், இவனாலதான் எங்க மாமாவுக்குக் கால் வெரலு போச்சு.” பையனுக்கு 14 வயசு, ஒம்பதாவது படிக்கிறான். தலையே நிமிரல, சட்டை பட்டனப் புடிச்சுத் திருகிக்கிட்டே இருந்தான்.

அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், ஆள் தெரியாத மாதிரி சிலத மாத்தியிருக்கேன். நடந்தது அப்படியேதான் இருக்கு.

என்ன நடந்துச்சு

வீட்டுல நாலு பேர். தாத்தாவுக்கு 72, மூணு ஏக்கர் நிலம், இன்னைக்கும் வயலுக்குப் போறவரு. மருமக, அதாவது அந்தம்மா, 39. மூத்த பொண்ணு 20, தஞ்சாவூருக்கு டெய்லி பஸ்ல போயி காலேஜ் படிக்கிது. கடைசியா இந்தப் பையன். பையனோட அப்பா 2019-ல இருந்து சிங்கப்பூர்ல கட்டட வேலை. தாத்தாவுக்கு பன்னெண்டு வருசமா சர்க்கரை, மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல வீட்டுக்கே வந்துரும் (அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, நம்ம ஊர்ப்பக்கம் வயசானவங்களுக்கு அது எவ்ளோ பெரிய உதவின்னு போய்ப் பாத்தாதான் தெரியும்).

அந்த வருசம் மேட்டூர் அணைய வழக்கம்போல ஜூன் 12 தொறக்கல, ஜூலை 28-தான் தொறந்தாங்க, அதனால சம்பா நடவு தள்ளிப்போயி புரட்டாசி கடைசில நடந்துச்சு. அப்ப வாய்க்கால்ல மடை அடைக்க எறங்குனப்ப எவனோ குடிச்சுட்டுப் போட்ட பாட்டில் கண்ணாடி தாத்தாவோட எடது காலு அடியில ஏறிருக்கு. அவருக்கு அது பெருசா வலிக்கல, அதுதான் இதுல பெரிய ஆபத்து. ரொம்ப வருசமா சர்க்கரை இருந்தா காலுல உணர்ச்சி நரம்பு மங்கிரும், முள்ளு ஏறுனாலும் கண்ணாடி ஏறுனாலும் ‘என்னமோ உறுத்துது’ங்குற அளவுக்குத்தான் தெரியும். பாதத்துக்கு அடியில இருக்குறத அந்த வயசுல குனிஞ்சு பாக்கவும் முடியாது, கண்ணும் மங்கல். யாராவது பாத்துதான் சொல்லணும்.

அவரு சொல்லியிருக்காரு. அன்னைக்கு ராத்திரியே மருமககிட்ட “ஆத்தா, காலுல என்னமோ குத்திருக்கு”ன்னு சொல்லிருக்காரு. அவங்க அடுப்படில, மேடை மேல போனச் சாத்தி வச்சு எதையோ பாத்துக்கிட்டே தோசை ஊத்திக்கிட்டு இருந்தாங்க, “ம்ம்... வச்சிட்டேன் மாமா, சாப்பிடுங்க”ன்னுட்டாங்க. மறுநாள் பேரன்கிட்ட, “தம்பி, இந்தக் கால செத்த பாருடா.” அவன் கேம்ல இருந்தான், “ம்ம், இருங்க தாத்தா, இந்த மேட்ச் முடியட்டும்.” மேட்ச் முடிஞ்சு அடுத்த மேட்ச் ஆரம்பிச்சிருச்சு. மூணாவதா பேத்தி, காதுல அந்தக் குட்டி இயர்போன் ரெண்டும் இருக்கு, தாத்தா வாய் அசையிறதப் பாத்துட்டு தண்ணிதான் கேக்குறாருன்னு நெனச்சு செம்புல மோந்து கொண்டாந்து குடுத்துருக்கு. அவரும் வாங்கிக் குடிச்சுட்டாரு.

நாலாவது தடவ அவரு சொல்லல. ஏன் அய்யா திரும்பச் சொல்லலன்னு பின்னாடி கேட்டேன். “மூணு தடவ சொல்லியாச்சு தம்பி, அதுக்கு மேல சொன்னா பிச்ச கேக்குற மாரில்ல இருக்கு”ன்னாரு. இத எழுதும்போது கூட எனக்கு நெஞ்ச அடைக்குது.

இதுக்கு நடுவுல தெனமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால் நடந்துகிட்டுதான் இருந்துச்சு. நம்ம எட்டரை சிங்கப்பூர்ல பதினொண்ணு, வேலை முடிஞ்சு குளிச்சு சமைச்சு சாப்பிட்டுட்டு அவரு கூப்புடுற நேரம். போன் கை மாறி கை மாறி தாத்தாகிட்ட வரும், “என்னப்பா சாப்டியா”, “சாப்டேன்பா”, “மாத்திரை போட்டியா”, “போட்டேன்பா.” கேமராவுல மூஞ்சிதான தெரியும். கடல் தாண்டி இருக்குற புள்ளைய ஏன் கலங்கடிக்கணும்னு அவரும் வாயத் தொறக்கல.

பதினோராவது நாள் மாத்திரை குடுக்க வந்த திட்டத்துப் பணியாளர் அம்மாதான் வாசப்படி ஏறும்போதே மூக்கச் சுருக்கிட்டு “அய்யா, கால நீட்டுங்க”ன்னு சொல்லிப் பாத்துருக்காங்க. சீழ் புடிச்சு நடு வெரலு கறுத்துப்போச்சு. ஆஸ்பத்திரில ஒரு வெரல எடுத்தாங்க, இன்னும் ஒரு வாரம் போயிருந்தா பாதமே போயிருக்கும்னு சொன்னாங்களாம். நாலு பேரு இருக்குற வீட்டுல, மாசத்துக்கு ஒரு தடவ வர்ற மனுசிக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

மதிப்பீடு

அந்தம்மா என்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பையன் போனை விடணும். அவனத் தனியா உக்கார வச்சுப் பேசுனேன். 2013-ல கொரியாவுல உருவாக்குன பத்துக் கேள்வி அளவுகோல் ஒண்ணு இருக்கு, ஸ்மார்ட்போன் அடிமைத்தனத்தப் பாக்குறதுக்கு, ஒவ்வொரு கேள்விக்கும் 1-ல இருந்து 6 வரைக்கும் மார்க். ஆம்பளப் பசங்களுக்கு 31-க்கு மேல, பொண்ணுங்களுக்கு 33-க்கு மேல போனா கவனிக்கணும்பாங்க. அது அங்க உள்ள பசங்கள வச்சுப் போட்ட கோடு, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பேச்ச ஆரம்பிக்க நல்லா உதவும். பையன் அந்தக் கோட்ட லேசாத் தாண்டுனான். ஸ்கூலுக்கு ஒழுங்காப் போறான், சாயங்காலம் கிரவுண்டுல கபடி ஆடுறான், தூங்குறான். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததுல, கேம் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயா இருக்கு, அதுக்கு வாழ்க்கையோட மத்த வேலையெல்லாம் கெட்டு, பொதுவா ஒரு வருசமாவது அப்படியே நடந்திருக்கணும். இவன் அதுல வர மாட்டான். ‘போன் அடிமை’ங்குறது அந்தப் பட்டியல்ல தனி நோயாவே கெடையாது.

அப்பறம் அம்மாகிட்ட அதே பத்துக் கேள்வியக் குடுத்தேன். பையன விட அவங்களுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. போன்லயே எவ்ளோ நேரம் பாத்தோம்னு காட்டுற செட்டிங்ஸ தொறந்து காட்டுனப்ப, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. அவங்க ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்பறம் மெதுவா, “கண்ண மூடுனா குழுக் கடன் ஞாபகம் வருது சார், அவரு அங்க சாரத்து மேல நிக்கிறது ஞாபகம் வருது, அதான் தூக்கம் வர்ற வரைக்கும் எதையாவது தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டே இருக்கேன்”னாங்க. அவங்கள நான் குத்தம் சொல்லவே மாட்டேன். அஞ்சு வருசமா நிலம், கடன், மாமனார், ரெண்டு புள்ளைங்க எல்லாத்தையும் ஒத்தையா இழுக்குற மனுசி, அவங்களுக்கு அந்தப் போன் ஒரு ஆளு மாதிரி. அதுலயும் அந்த ரீல்ஸ் இருக்கே, அடுத்து என்ன வரும்னு தெரியாம, பத்துல ஒண்ணு நல்லா இருக்கும், அந்த ஒண்ணுக்காக வெரல் தானா தள்ளும். எப்ப கெடைக்கும்னு தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்த ரொம்ப கெட்டியாப் புடிச்சு வைக்கும்னு ஸ்கின்னர்ங்குற உளவியலாளர் புறா, எலி வச்சு எப்பவோ காட்டிட்டாரு. அவங்க ராத்திரிப் பயத்துக்கு அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ல பேசச் சொன்னேன், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. பேசுனாங்க.

வீட்டுக்குப் போனப்ப

ஒரு சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் அவங்க வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். யாரு யாருகிட்ட என்ன பேசுறாங்கன்னு நோட்டுல குறிச்சேன், ஒரு பக்கம் கூட ரொம்பல. இருந்ததும் “சார்ஜர் எங்க”, “மோட்டார ஆஃப் பண்ணு”, “சாப்புட வா” இப்படித்தான். தாத்தா பேச்செடுத்தா எல்லாரும் ம்ம் போட்டாங்க, சண்டை கெடையாது, மரியாதைக் குறைவும் கெடையாது.

இந்த ‘ம்’ பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம வீடுகள்ல கதை சொல்றவங்க “ம் கொட்டணும், இல்லாட்டி சொல்ல மாட்டேன்”னுதான் ஆரம்பிப்பாங்க. ம் கொட்டுனா முழிச்சிருக்கான், கேக்குறான், மேல சொல்லலாம்னு அர்த்தம். இப்ப அந்த வீட்டுல ம்ம்-னா ‘நான் இங்க இல்ல’ன்னு அர்த்தம். கேக்குற ஆளப் பாத்து ‘சரி, காதுல விழுந்துருச்சு’ன்னு தாத்தா நம்புனதே அந்த ம்-ம நம்பித்தான். பக்கத்துல ஆள வச்சுக்கிட்டே போனப் பாத்து அவர ஒதுக்குறதுக்கு 2012-ல ஆஸ்திரேலியாவுல ஃபப்பிங்னு ஒரு வார்த்தையே உருவாக்குனாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் புது வார்த்தை வேணாம், நீட்டி ஒரு ம்ம் போதும்.

ஆனா பழி மொத்தத்தையும் போன் மேல போட்டுட்டு எந்திரிச்சுப் போக எனக்கு மனசு வரல. அந்த வீட்டுக்கு முன்னாடி திண்ணை இருந்துச்சு, ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வந்தப்ப ஓடு பறந்து, கொல்லையில நின்ன தென்னை சுவத்து மேல சாஞ்சு வீடே போச்சு. அந்தக் கடன அடைக்கத்தான் அப்பா சிங்கப்பூர் போனாரு. அவரு அனுப்புன காசுல கட்டுன புது வீட்டுல திண்ணை கெடையாது, கிரில் கேட்டும் பைக் நிறுத்துற எடமும்தான். போறவர்றவங்க உக்காந்து “என்ன அய்யா கால நொண்டுறீங்க”ன்னு கேக்க எடமே இல்ல. முன்னாடின்னா அறுவடைக்கு முப்பது ஆளு களத்துல நிப்பாங்க, இப்ப மிஷின் வந்து ஒரு மணி நேரத்துல அறுத்துட்டுப் போயிருது. 2022-ல அப்பாயி (அப்பாவோட அம்மா) வேற தவறிட்டாங்க. அந்தப் பொண்ணு சொன்னத அப்படியே எழுதுறேன், “அப்பாயி இருந்தப்ப எல்லாரையும் நோண்டி நோண்டிக் கேட்டுக்கிட்டே இருக்கும், ஏன் மூஞ்சி வாடிருக்கு, யாரு திட்டுனா, என்ன தின்ன... எரிச்சலா வரும். இப்ப யாருமே கேக்குறது இல்ல சார்.”

இத்தனை ஓட்டை விழுந்த எடத்துலதான் போன் வந்து உக்காந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து நெட்டு மலிவானப்ப வீட்டுல ஒரு போன், 2020 லாக்டவுன்ல அஞ்சாவது படிக்கிற பையனுக்கு ஆன்லைன் கிளாஸுக்குன்னு இன்னொண்ணு, ஸ்கூல் தொறந்தப்பறம் அத யாரும் திரும்ப வாங்கல.

பொண்ணுக்கு கஜா அப்பறம் நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு, அப்ப அதுக்கு 14 வயசு. கரண்டு கெடையாது, டவர் கெடையாது, நாள் கணக்குல. முகாம்ல பாய் போட்டு ஊரே வரிசையாப் படுத்துருக்கும், இருட்டுல தாத்தா பேசிக்கிட்டே இருப்பாராம். “அப்ப வீடே இல்ல சார், ஆனா பேச்சு இருந்துச்சு”ன்னுது. யாருக்கும் அப்படி ஒரு புயல் வர வேணாம், ஆனா அது சொன்னது என் மனசுல தங்கிருச்சு.

முயற்சி

முதல்ல செஞ்சது தோத்துச்சு, அதையும் மறைக்காம எழுதணும். மகாராஷ்டிரா சாங்லி மாவட்டத்துல மோகித்யாஞ்சே வட்காவ்னு ஒரு கிராமம், அங்க 2022-ல சாயங்காலம் ஏழு மணிக்கு கோயில் சைரன் அடிக்கும், ஒன்றரை மணி நேரம் டிவி, போன் ரெண்டையும் ஆஃப் பண்ணிரணும்னு ஊரே முடிவு பண்ணிச்சு. இத பொண்ணுதான் போன்ல தேடி எடுத்துச்சு, நாமளும் செய்வோம்னுச்சு. ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் எல்லா போனும் ஒரு மூங்கில் கூடையில, கூடை உள் ரூம்ல. கண்ணு முன்னாடி போன் இருந்தாலே கவனம் கொறையுதுன்னு 2017-ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு, பின்னாடி வேற எடங்கள்ல செஞ்சு பாத்தப்ப எல்லாத்துலயும் அதே முடிவு வரல, இருந்தாலும் உள்ள வச்சா நல்லதுதானேன்னு வச்சோம்.

நாலு நாள்தான் ஓடுச்சு. போன் உள்ள போச்சு, பேச்சு வெளிய வரல. நாலு பேரும் கூடத்துல உக்காந்து ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அஞ்சாவது நாள் காலேஜ் குரூப்புல அவசரம்னு பொண்ணு எடுத்துச்சு, அப்பறம் எல்லாரும் எடுத்தாச்சு. பேசுன்னு உக்கார வச்சா யாருக்குத்தான் பேச்சு வரும்? இதுல நான் ஏமாந்துட்டேன், எடுத்துட்டாப் போதும்னு நெனச்சுட்டேன்.

வழி தாத்தாகிட்ட இருந்துதான் வந்துச்சு. நான் வெக்கத்தோட கூடை கதையச் சொன்னப்ப அவரு, “தம்பி, நாத்துப் பறிக்கிறப்ப கை நாத்த முடி முடியாக் கட்டிக்கிட்டே இருக்கும், வாயி பேசிக்கிட்டே இருக்கும். கைய சும்மா வச்சா வாயும் சும்மாதான் இருக்கும்”னாரு. அவருக்கு ராத்திரி மொறத் தண்ணிக்கு மடையில காவ இருந்த காலமெல்லாம் அப்படித்தான், பக்கத்து வயக்காரரும் இவரும் மம்பட்டிய ஊனிக்கிட்டு விடிய விடியப் பேசிருக்காங்க.

அதனால பேச்ச விட்டுட்டு வேலையக் குடுத்தேன். தாத்தாவோட கால பையன் பாத்துக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா பக்கத்துல நின்னு ரெண்டு தடவ அவன செய்ய வச்சுப் பாத்து, சரின்னு சொன்னதுக்கு அப்பறம்தான் வீட்டுல. சாயங்காலம் ஏழு மணிக்கு, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பழைய கட்ட எடுத்து, சலைன்ல தொடச்சு, புதுசு கட்டணும். வலது காலயும் பாக்கணும், அடிப்பாதம், குதிகால், வெரல் இடுக்கு எல்லாம் டார்ச் அடிச்சு. இடுக்குல ஈரம் நிக்கக் கூடாது, சுடுதண்ணில முக்கக் கூடாது, உணர்ச்சி இல்லாத காலு வெந்துபோனாலும் தெரியாது. இருபது நிமிசம் ஆகும், ரெண்டு கையும் வேலையா இருக்கும், போனப் புடிக்க கை கெடையாது. டார்ச் அடிக்கிறது பொண்ணு, பஞ்சு, துணி எடுத்துக் குடுக்குறது அம்மா. பையன் மேல விழுந்த பழி எனக்கு ரொம்ப உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அவன் கையாலயே அந்தக் கால ஆத்தட்டும்னு நெனச்சேன்.

முதல் வாரம் ஒண்ணும் பேசல. கட்டு அவுக்கும்போது பையன் மூஞ்சத் திருப்பிக்கிட்டான், ஒரு நாள் அழுதுட்டான், தாத்தா தலையத் தடவி “உன்னால இல்லடா”ன்னாரு. அத அவங்க அம்மா கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. அப்பறம் எப்ப ஆரம்பிச்சதுன்னு அவங்களுக்கே தெரியல. காலுல ஒரு பழைய தழும்பு இருக்கு, இது என்ன தாத்தான்னு பையன் கேட்டுருக்கான், அது கருக்கருவா வெட்டுனது, பதினாறு வயசுல. அது யாரு வயல்ல, எதுக்கு வெட்டுச்சு, யாரு தூக்கிட்டு ஓடுனா... ஒரு தழும்புக்கே மூணு நாள் கதை ஓடிருக்கு. பையன் கட்டு போட்டுக்கிட்டே “ம்”, “ம்”னு கேட்டதா அம்மா சொன்னாங்க. அம்மாவும் ஒரு நாள் வாயத் தொறந்து குழுக் கடன் எவ்ளோ பாக்கின்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிருக்காங்க, அது வரைக்கும் பொண்ணுக்கு அந்தக் கணக்கே தெரியாது.

நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் நேரத்து மழை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நட்ட பயிரு எல்லாம் தண்ணிக்குள்ள. தாத்தாவால எறங்க முடியாது, டாக்டர் சேத்துல கால் வைக்கவே கூடாதுன்னுட்டாரு. பையன் மம்பட்டிய எடுத்துக்கிட்டு, எதுக்கும்னு அப்பாவோட பழைய கம் பூட்ஸ மாட்டிக்கிட்டு வயலுக்குப் போயி, அங்க இருந்து அம்மா போனுக்கு வீடியோ கால் போட்டுருக்கான். தாத்தா கட்டில்ல உக்காந்துகிட்டு “மேலண்டை வரப்ப வெட்டாதடா, கீழண்டை வெட்டிவுடு, வடிகால் அங்கதான்”னு கத்திக் கத்தி சொல்ல, அவன் மழைக்குள்ள போன சட்டைக்குள்ள வச்சு வச்சு எடுத்துக் காட்ட, ஒரு மணி நேரத்துல தண்ணி வடிய ஆரம்பிச்சிருக்கு. அதே போன்தான், அதே பையன்தான்.

கடைசியாப் பாத்தப்ப

2025 மாசில போனேன், அறுவடை முடிஞ்சு நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருச்சு. புண்ணு ஆறிருச்சு. தாத்தா சர்க்கரைக் காலுக்குன்னு மெத்துன்னு இருக்குற எம்.சி.ஆர் செருப்பு போட்டுக்கிட்டு வரப்பு வரைக்கும் போறாரு, வயலுக்குள்ள எறங்குறது இல்ல. பையன் கேம் ஆடுறான், முன்ன விடக் கொஞ்சம் கம்மி, பெரிய மாத்தம்னு பொய் சொல்ல மாட்டேன். அம்மாவோட ஆறு மணி நேரம் நாலரையாயிருக்கு, ராத்திரி இன்னும் பாக்குறாங்க. பொண்ணு பரீட்சை நேரத்துல ஏழு மணிக்கு வர்றது இல்ல, அப்ப டார்ச்ச அம்மா அடிக்கிறாங்க. கட்டு போட வேண்டிய தேவை முடிஞ்சும் கால் பாக்குறத நிறுத்தல, சர்க்கரை இருக்குற வரைக்கும் நிறுத்தவும் கூடாது. கிரில் கேட்டுக்கு வெளிய ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டுருக்காங்க, தாத்தா கேட்டாராம்.

நான் கெளம்புறப்ப எட்டரை ஆயிருச்சு, சிங்கப்பூர்ல இருந்து வீடியோ கால். பையன் எடுத்தான். அந்தப் பக்கம் இருந்து “சாப்டியாப்பா” வரல. “தம்பி, போனக் கீழ எறக்கு, தாத்தா காலக் காட்டு”ன்னு சத்தம் கேட்டுச்சு. பையன் குந்தி உக்காந்து எடது பாதத்தக் காட்டுனான், அப்பறம் வலது. “வெரல் இடுக்கக் காட்டுடா”ன்னாரு அவரு. பொண்ணு டார்ச் எடுக்க உள்ள ஓடுச்சு.